வேலை நாய்க்கு வம்சம் பார்ப்பது எப்படி? நாட்டு நாய் வளர்ப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராஜபாளையம் குட்டியோ சிப்பிப்பாறைக் குட்டியோ வாங்கப் போனால், முதலில் நம் கைக்கு வருவது செல்போன். அதில் குட்டியின் அப்பன் படம், அப்பனுக்கு அப்பன் படம், கண்காட்சியில் வாங்கிய கோப்பையின் படம். "இன்னார் வீட்டு லைன்" என்பார்கள். விலையில் பாதி அந்தப் பேச்சுக்குத்தான். அதே லைனில் பிறந்த மற்ற குட்டிகள் என்ன ஆயின, எத்தனை செவிடாகப் பிறந்தன, எத்தனை வெடிச்சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் பதுங்கின, எத்தனை தோப்பில் ராக்காவல் நின்றன என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

வம்சத்தை எடைபோடப் பாட்டன் பூட்டன் படம் கொஞ்சம்தான் உதவும். கூடப் பிறந்தவை எப்படி இருக்கின்றன, ஏற்கெனவே பெற்ற குட்டிகள் எப்படி வளர்ந்தன என்பவைதான் நிறையச் சொல்லும். அந்தத் தகவலைத் திரட்டுவது, சோதிப்பது, அதை வைத்து ஜோடி சேர்ப்பது ஆகியவற்றை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுகள் நம் நாட்டு நாய்களிலிருந்து. ஜெர்மன் ஷெப்பர்டு வைத்திருப்பவருக்கும் முறை இதுதான்.

1. முதலில் வேலையை எழுதுங்கள்

"நல்ல குட்டி வேண்டும்" என்று தொடங்கினால் அழகான குட்டிதான் கிடைக்கும். எந்த வேலை, எந்த இடம், எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். "ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பில் இரவு முழுக்க அவிழ்த்துவிட்டால் எல்லையைச் சுற்றி வர வேண்டும், காட்டுப்பன்றி வந்தால் குரைத்து விரட்ட வேண்டும், துரத்திக்கொண்டு மலையேறிவிடக் கூடாது, பகலில் தேங்காய் பறிக்க வரும் ஆட்களைக் கடிக்கக் கூடாது." இப்படி எழுதினால்தான் எந்தக் குணத்தைத் தேடுகிறோம் என்று நமக்கே தெரியும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டு ஓட்ட நாய்கள். ஒடுங்கிய தலை, ஆழ்ந்த நெஞ்சு, உள்ளடங்கிய வயிறு. உடல்வாகு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். கருப்பு உடம்பில் பழுப்பு விழுந்தால் கன்னி என்றும் மற்ற நிறங்களைச் சிப்பிப்பாறை என்றும் பிரித்துச் சொல்வது ஊர் வழக்கம். ராஜபாளையம் எலும்பும் உயரமும் கூடியது. காவலுக்கும் ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்கும் வைத்திருந்தது. தேனி மாவட்டத்து மலையடிவார ஊரின் பெயரைத் தாங்கிய கோம்பை, கருவாய்ச் செவலை. கட்டுக்குட்டான உடம்பு, சுருக்கென்ற கோபம். ஓட்டத்துக்கு வார்த்த உடம்பை வாசலில் சங்கிலியில் கட்டிவிட்டு "இந்த லைனுக்குக் காவல் புத்தியே இல்லை" என்று திட்டினால் குற்றம் லைனுடையது அல்ல.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, நாயை விட்டு முயலோ பன்றியோ பிடிப்பது குற்றம். இன்றும் சில வீடியோக்களில் "வேட்டை டெஸ்ட்" என்று காட்டுகிறார்கள். அதில் காட்டுபவருக்குச் சிறைதான் மிச்சம். சட்டம் சரிதான், முயலுக்கும் உயிர் வேண்டும். ஆனால் தலைமுறை தலைமுறையாக நாயைச் சலித்துக் கொடுத்த சல்லடை அந்த வேட்டைதான். ஓடாத நாய்க்கு, இளைப்பு வாங்கும் நாய்க்கு, பயந்த நாய்க்கு அன்று யாரும் ஜோடி தேடவில்லை. அந்தச் சல்லடை போன இடத்தில் வேறொன்றை வைக்காததால், இன்று நிறமும் உயரமும் காதின் மடிப்பும்தான் தேர்வை நடத்துகின்றன.

2. அப்பன் யார் என்பது உறுதியா?

இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம். பொட்டை பருவத்துக்கு வந்தால் ஏறத்தாழ 3 வாரம் இருக்கும். அந்த நாட்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்கள் சேர்ந்தால், ஒரே ஈத்தில் இரண்டு அப்பன்களின் குட்டிகள் பிறக்கலாம். ஊரில் அவிழ்த்துவிட்டு வளர்க்கும் வீடுகளில் இது நடக்கிறது. "நம்ம ஆணைத்தான் ரெண்டு தடவை கிராஸ் போட்டோம்" என்பது சாட்சி ஆகாது. பருவம் முழுக்கப் பொட்டை எங்கே இருந்தது, சுவர் எவ்வளவு உயரம், இரவில் யார் பூட்டினார்கள் என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் டிஎன்ஏ சோதனையில் அப்பனை உறுதிசெய்யலாம்.

கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழும் 15 இலக்க மைக்ரோசிப்பும் இருந்தால் நாய் மாறிப்போகவில்லை என்று தெரியும். தாளில் எழுதிய பெற்றோர் உண்மை என்பதற்கு எழுதியவரின் நாணயம்தான் பொறுப்பு. மறுபக்கம், தாள் இல்லாத நாயை ஒதுக்கவும் வேண்டாம். பிரிட்டனில் 1906இல் தொடங்கிய சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கம், ஆடு மேய்க்கும் பார்டர் கோலி இனத்துக்கு வம்சப் பதிவேடு வைத்திருக்கிறது. பதிவில் இல்லாத நாயும் வேலையில் தேறிக் காட்டினால் அந்தப் பதிவேட்டுக்குள் வரலாம். வேலை நாய்க்கு அதுதான் நியாயமான வழி. நம் கரிசல் ஊர்களில் நல்ல நாய் பாதி தாளே இல்லாமல்தான் திரிகிறது.

3. ஒரு நோட்டுப் போடுங்கள்

செயலி, கணினி எதுவும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு போதும். ஒரு நாய்க்கு ஒரு பக்கம்: பிறந்த தேதி, தாய், தகப்பன், அந்த ஈத்தில் மொத்தம் எத்தனை, எத்தனை செத்தன, எதனால். அப்புறம் உடம்பு, காது, தோல், பல் கடி, நடை, சத்தத்துக்கு எப்படி, அந்நியருக்கு எப்படி, ஆடு கோழியிடம் எப்படி, வேலையில் எப்படி. நோய் வந்தால் எந்த வயதில் என்பதும்.

கெட்டதையும் எழுதினால்தான் அது நோட்டு. 1920களில் சுவிட்சர்லாந்தின் ஃபார்ச்சுனேட் ஃபீல்ட்ஸ் என்ற பண்ணையில் டொரோத்தி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வேலைக்காகவே பெருக்கினார். அழகுப் போட்டியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு நாயின் செவி, மோப்பம், துணிவு, ஆர்வம் என்று குணவாரியாக மதிப்பெண் போட்டு, அந்தக் கணக்கை வைத்து ஜோடி சேர்த்தார்கள். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பயிற்றுவிக்க 1929இல் அமெரிக்காவில் தொடங்கிய சீயிங் ஐ அமைப்பு அவர் தொடங்கியதுதான்.

மதிப்பெண் 1 முதல் 5 வரை போதும். ஆனால் 1 என்றால் என்ன, 5 என்றால் என்ன என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். "சத்தம்: 1, ஓடி ஒளிந்து அன்று முழுக்க வெளியே வரவில்லை. 3, திடுக்கிட்டுப் பின்வாங்கி ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தது. 5, திரும்பிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தது." இப்படி எழுதாவிட்டால் நம் வீட்டு நாய்க்கு எப்போதும் 4தான் விழும்.

4. கூடப் பிறந்தவற்றைத் தேடிப் போங்கள்

அலைச்சல் அதிகம் உள்ள படி இதுதான். பலனும் இதில்தான் அதிகம். ஓர் ஆணைப் பார்த்துப் பிடித்துப்போனால் அதன் வீட்டிலேயே முடிவெடுத்துவிடாதீர்கள். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

"அண்ணாச்சி, இதுகூடப் பிறந்ததெல்லாம் எங்க இருக்கு?"

"ஏழு போட்டுச்சு. ரெண்டு சின்னதுலயே போயிருச்சு. ஒண்ணு மச்சினன் வீட்ல இருக்கு. மத்தத வெளியூர்க்காரங்க வாங்கிட்டுப் போனாங்க."

"செத்த ரெண்டும் எதனால அண்ணாச்சி?"

"கழிச்சல்தான். ஒண்ணுக்குக் காது கேக்காது, அத யாரும் வாங்கல, அப்பிடியே விட்டுட்டோம்."

கடைசி வரியைக் கவனியுங்கள். தானாகச் சொல்லியிருக்க மாட்டார். பொய்யும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் "லைன்ல ஏதும் குறை உண்டா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "இல்லை" என்ற பதில்தான் வரும். ஒவ்வொரு குட்டியாகக் கேளுங்கள். பிறகு மச்சினன் வீட்டுக்குப் போங்கள். மாலை மங்கும் நேரத்தில், உரிமையாளர் வெளியே வராமல், நீங்கள் மட்டும் வேலியோரம் நடந்து பாருங்கள். நாய் குரைத்துக்கொண்டு முன்னே வருகிறதா, குரைத்துக்கொண்டே பின்னே போகிறதா? வால் எங்கே இருக்கிறது? பின்னே போய்க் குரைப்பதும் சத்தம்தான், கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது, பார்த்தால்தான் தெரியும்.

இவ்வளவு அலைச்சல் எதற்கு? ஒரு நாயைப் பார்க்கும்போது அதன் மரபணுவோடு சேர்த்து அதை வளர்த்தவர், தின்ற தீனி, பட்ட அடி எல்லாவற்றையும்தான் பார்க்கிறோம். ஏழு வீடுகளில் ஏழு விதமாக வளர்ந்த உடன்பிறப்புகளில் ஐந்து ஒரே மாதிரி நடந்துகொண்டால், அது வளர்ப்பால் வந்தது என்று சொல்ல முடியாது. ஒன்று மட்டும் பிரமாதமாக, மற்ற ஆறும் சாதாரணமாக இருந்தால், அந்த ஒன்றின் பிரமாதத்தைக் குட்டிகளில் எதிர்பார்க்காதீர்கள். என்னைக் கேட்டால், கோப்பை வாங்கிய ஆணைவிட, கோப்பையே வாங்காத ஆனால் ஏழு உடன்பிறப்பும் தேறிய ஆணைத்தான் தேர்வேன்.

உடன்பிறப்பைவிட ஒரு படி மேலானது ஆணின் குட்டிகள். அதுவும் வெவ்வேறு பொட்டைகள் வழியாகப் பிறந்தவை. ஒரே பொட்டையின் குட்டிகள் என்றால் சிறப்பு அம்மாவினுடையதாகவும் இருக்கலாம். இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு குணம் பெற்றோரிடமிருந்து குட்டிக்குக் கடத்தப்படும் விகிதம் 0.3 என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெவ்வேறு பொட்டைகள் வழியாகப் பிறந்த ஆறு குட்டிகளின் சராசரி, அந்த ஆண் தானே வாங்கிய ஒரு மதிப்பெண்ணைவிட அதன் மரபைப் பற்றி அதிகம் சொல்லும். பத்துப் பன்னிரண்டு குட்டி கிடைத்தால் இன்னும் உறுதி. விகிதம் குறையக் குறைய ஆணின் சொந்த மதிப்பெண்ணை நம்புவது வீண், குட்டிகள்தான் பேசும்.

5. எது கடத்தப்படும், எது வளர்ப்பால் வரும்

உயரம், எலும்புக் கட்டு, நெஞ்சின் ஆழம் போன்றவை நன்றாகவே இறங்கும். அதனால்தான் உயரத்தைக் கூட்டுவது யாருக்கும் எளிது. சந்தையும் அதற்குத்தான் காசு கொடுக்கிறது. இடுப்பு மூட்டுக் கோளாறு நடுத்தரமாக இறங்கும். துணிவு, சத்தத்துக்கு அஞ்சுதல், அந்நியரிடம் நடந்துகொள்ளும் விதம் போன்ற குணங்கள் அதைவிடக் குறைவு, ஆனால் இறங்கவே செய்கின்றன. ஈத்துக்கு எத்தனை குட்டி என்பது மிகக் குறைவாக, பெரும்பாலும் 0.1 அளவில்தான் இறங்கும்.

இந்த எண்ணை வைத்து எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊர் நாய்களின் சராசரிக் காவல் மதிப்பெண் 3 என்போம். ஆண் 5, பொட்டை 4. இரண்டின் சராசரி 4.5; ஊர்ச் சராசரியைவிட 1.5 கூடுதல். கடத்தல் விகிதம் 0.3 என்றால் குட்டிகளின் எதிர்பார்ப்பு 3.45. "அஞ்சுக்கு நாலு சேர்த்தும் குட்டி சரியில்லையே" என்று லைனை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒரே தலைமுறையில் வானம் கைக்கு வராது. நாலு தலைமுறை அதே திசையில் தேர்ந்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

வளர்ப்பின் பங்குக்கு வருவோம். பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து 12, 14ஆம் வாரம் வரை குட்டி பார்ப்பதும் கேட்பதும் அதற்கு உலகம் ஆகிவிடுகிறது. அந்த நாட்களில் இருட்டறையில் கிடந்த குட்டி, பெரிய வம்சமாக இருந்தாலும் மனிதரைக் கண்டு ஒதுங்கும். ஒரு லைனைப் "பயந்தாங்கொள்ளி" என்று கழிக்கும் முன் அந்தக் குட்டிகள் எங்கே வளர்ந்தன என்று பாருங்கள். எதிர்த்திசையிலும் இதே எச்சரிக்கை உண்டு. தாய் பயந்த சுபாவம் என்றால் குட்டிகள் மரபிலும் வாங்கும், அவள் நடுங்குவதைப் பார்த்தும் வாங்கும். அதனால் பயந்த பொட்டையை "ஆண்தான் தைரியமாச்சே" என்று சமாதானம் சொல்லிச் சேர்க்க வேண்டாம்.

6. ஒதுக்க வேண்டிய குறைகள்

செவிட்டை முதலில் சொல்கிறேன், ராஜபாளையத்தின் பெரிய துயரம் அது. வெள்ளை என்பது நிறம் சேராத நிலை. நிறமிச் செல்கள் உள்காதிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே போய்ச் சேராவிட்டால் காதில் சத்தத்தை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களில் அழிந்துவிடும். ஆகவே கண் திறந்து காது திறந்த முதல் நாட்களில் எதுவும் தெரியாது. 5 வாரத்துக்கு மேல் சோதியுங்கள். குட்டி தூங்கும்போது, அது பார்க்காத பக்கம் நின்று, தரை அதிராமல், காற்று அதன் மேல் படாமல் ஒரு தட்டைத் தட்டுங்கள். மற்ற குட்டிகள் எழுந்து ஓடுவதைப் பார்த்துத் தானும் ஓடும் செவிட்டுக் குட்டி உங்களை ஏமாற்றிவிடும். அதனால் தனியாக வைத்துப் பாருங்கள்.

ஒரு காது மட்டும் கேட்காத நாயை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. அது சாதாரணமாகவே வளரும், இனப்பெருக்கத்துக்கும் போகும், குட்டிகளில் செவிட்டைப் பரப்பும். மூளைத்தண்டின் மின்னலையை அளக்கும் பிஏஇஆர் என்ற சோதனையில்தான் அது பிடிபடும். வெள்ளை உடம்பில் புள்ளி விழுந்த டால்மேஷியன் இனத்தில், அமெரிக்காவில் சோதித்தவற்றில் ஏறத்தாழ 30% நாய்களுக்கு ஒரு காதோ இரு காதுமோ கேட்கவில்லை. அதிலும் பெரும்பங்கு ஒரு காது மட்டும். அந்தச் சோதனைக்கு வசதி இல்லாத இடத்தில் கையில் இருப்பது குட்டிக் கணக்குதான்: ஒரு ஜோடி செவிட்டுக் குட்டி போட்டால் அந்த ஜோடியை மறுபடி சேர்க்க வேண்டாம், ஒரே ஆணுக்கு இரண்டு வெவ்வேறு பொட்டைகளிடம் செவிட்டுக் குட்டி பிறந்தால் அந்த ஆணை நிறுத்திவிடுங்கள்.

சொந்த அபிப்பிராயம் ஒன்று. ராஜபாளையத்தில் ஒரு காலத்தில் நிறம் விழுந்த குட்டிகளைக் கழித்துவிடும் வழக்கம் இருந்தது. பால்வெள்ளையும் ரோஜா மூக்கும்தான் அசல் என்ற பிடிவாதம். காதில் கொஞ்சம் நிறம், முதுகில் ஒரு மறை உள்ள குட்டியைக் கழிப்பது, நல்ல செவியையும் சேர்த்துக் கழிப்பதாக முடியலாம். வேலைக்கு வளர்ப்பவர் மறை விழுந்த ராஜபாளையத்தை வெட்கப்படாமல் வைத்துக்கொள்ளலாம்.

மற்றவை சுருக்கமாக. குட்டிப் பருவத்தில் டெமோடெக்ஸ் என்ற நுண்ணிய உண்ணியால் உடம்பு முழுக்கப் பரவிய சொறி வந்த நாய் குணமானாலும் இனப்பெருக்கத்துக்கு வேண்டாம்; எதிர்ப்புச் சக்தியின் குறை வம்சத்தில் ஓடும். முகத்தில் ஒரு திட்டு வந்து தானே ஆறியது வேறு விஷயம். விதை ஒன்று இறங்காத ஆண் வேண்டாம். அதன் சகோதரிகளையும் சந்தேகக் கண்ணோடு பாருங்கள், அவையும் அந்தக் குறையைச் சுமக்கலாம். மேல்தாடை கீழ்த்தாடை பொருந்தாத கடி, காலில் வளைவு, வலிப்பு எல்லாம் நோட்டில் ஏற வேண்டும்.

ஒடுங்கு குறை, அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் மரபணு வந்தால்தான் வெளிப்படும் குறை, ஒன்று வந்தால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். தாயும் தகப்பனும் நன்றாக இருந்து, ஒரு குட்டிக்கு மட்டும் ஒடுங்கு மரபணுவால் நோய் வந்தால், இருவரும் அதைச் சுமப்பவர்கள் என்று பொருள். அந்த ஈத்தில் நலமாகத் தெரியும் குட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு அதே மரபணுவைச் சுமக்க வாய்ப்பு உண்டு. "கெட்டது செத்துப்போச்சு, மத்ததெல்லாம் நல்லது" என்று விற்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி வைத்திருப்போருக்கு ஒரு தனிக் குறிப்பு. கொழுப்புக் குறைந்த ஓட்ட நாய்கள் தயோபென்டால் போன்ற மயக்க மருந்திலிருந்து மெதுவாகத்தான் மீளும் என்பது கிரேஹவுண்டில் நன்கு தெரிந்த விஷயம். அறுவைக்கு முன் மருத்துவரிடம் இனத்தைச் சொல்லிவிடுங்கள். நாய் மயக்கத்திலிருந்து எழ எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் நோட்டில் எழுதலாம்.

7. வேட்டை இல்லாமல் எப்படிச் சோதிப்பது

ஓட்டத்துக்கு: கயிற்றில் கட்டிய துணியை மோட்டாரால் இழுத்து நாய்களைத் துரத்தவிடும் முறை கிரேஹவுண்ட், விப்பெட் போன்ற ஓட்ட நாய்களை வளர்க்கும் நாடுகளில் பழையது. மோட்டார் இல்லாவிட்டால் மூங்கில் கழி, நீளக் கயிறு, ஆட்டுத்தோல் துண்டு போதும். காலை ஆறு மணிக்கு, உழுத காட்டில். வேகத்தைப் பார்க்கும் முன் திரும்பும் விதத்தைப் பாருங்கள்: துணி சட்டென்று திசை மாறினால் நாய் எவ்வளவு தூரம் தாண்டிப் போய்த் திரும்புகிறது? பாதம் பிளக்கிறதா, நகம் உடைகிறதா? ஓடி முடித்து இளைப்பு அடங்க எத்தனை நிமிடம்? உடன்பிறப்புகளை ஒரே நாளில் ஒரே காட்டில் ஓடவிட்டால்தான் ஒப்பிட முடியும். நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. ஆகவே சித்திரை வெயிலில் "தாக்குப்பிடிக்கிறதா பார்ப்போம்" என்ற விளையாட்டு வேண்டாம்.

காவலுக்கு: நாய் அறியாத ஒருவரை இருட்டியபின் அனுப்புங்கள். ஒரு தடவை சும்மா நடந்து போகட்டும், இன்னொரு நாள் வேலியை அசைக்கட்டும், வேறொரு நாள் உரிமையாளரோடு பேசிக்கொண்டே வரட்டும். மூன்றுக்கும் ஒரே மாதிரி பாயும் நாய் நல்ல காவல் நாய் அல்ல. அதற்குப் பிரித்தறியத் தெரியவில்லை. உரிமையாளர் "சரி, வா" என்றதும் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதும் ஒரு மதிப்பெண். ஆட்டுக் கிடைக்குக் காவல் என்றால் ஆட்டுக்குட்டி ஓடும்போது நாய் என்ன செய்கிறது என்பதுதான் முதல் கேள்வி. ஓட்ட நாய்க்கு ஓடுவதைத் துரத்தும் துடிப்பு பிறவியிலேயே உண்டு; அதை அடக்கிக்கொள்ளும் லைன்களும் உண்டு, அவற்றைத் தேட வேண்டும்.

மனத்திடத்துக்கு: ஒரு தகர டப்பாவை நாய்க்குப் பத்தடி தள்ளிப் போடுங்கள். திடுக்கிடுவது இயல்பு. எவ்வளவு நேரத்தில் திரும்பி வந்து டப்பாவை முகர்ந்து பார்க்கிறது? அதுதான் வேண்டிய எண். சுவீடனில் இப்படித் திடீர்ச் சத்தம், திடீரென எழும் பொம்மை, அந்நியர் என்று வரிசைப்படுத்திய ஒரே தேர்வை ஆயிரக்கணக்கான நாய்களுக்கு வைத்து, அந்த மதிப்பெண்கள் வம்சத்தில் இறங்குவதைக் காட்டியிருக்கிறார்கள். எல்லா நாய்க்கும் ஒரே தேர்வு என்பதால்தான் அது முடிந்தது.

எந்தச் சோதனையையும் ஒரே தடவையோடு முடிக்காதீர்கள். முடிந்தால் மூன்று வெவ்வேறு நாள், இரண்டு வெவ்வேறு இடம். மதிப்பெண் போடுபவர் நாயின் சொந்தக்காரராக இல்லாமல் இருந்தால் நல்லது. ஏழு வாரக் குட்டியைப் புரட்டிப்போட்டு "இது தலைவன் குட்டி" என்று சொல்லும் சோதனைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. வளர்ந்த பின் அந்த மதிப்பெண் அடிக்கடி பொய்த்துப்போகிறது. ஒன்றரை, இரண்டு வயதில் பார்ப்பதுதான் பார்வை.

8. உறவுக் கணக்கு

நல்ல குணத்தை நிலைநிறுத்த உறவுக்குள் சேர்ப்பது பழைய உத்தி. அதற்கு விலை உண்டு: ஈத்தில் குட்டி குறையும், குட்டிச் சாவு கூடும், ஒளிந்திருக்கும் ஒடுங்கு நோய்கள் வெளிவரும். எவ்வளவு உறவு என்பதைச் செவல் ரைட் என்ற அமெரிக்க மரபியலாளர் 1922இல் தந்த முறையில் கணக்கிடலாம். ஜோடிக்குப் பொதுவான முன்னோர் யார் என்று பாருங்கள். ஆணிலிருந்து அந்த முன்னோர் வழியாகப் பொட்டை வரை எத்தனை நாய்கள் என்று, மூவரையும் சேர்த்து எண்ணுங்கள். அத்தனை தடவை அரையைப் பெருக்குங்கள். பொது முன்னோர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டுங்கள்.

தகப்பன் மட்டும் ஒன்றான அண்ணன் தங்கையைச் சேர்த்தால்: ஆண், தகப்பன், பொட்டை, மூன்று நாய்கள். அரையை மூன்று தடவை பெருக்கினால் 12.5%. தாயும் ஒன்று என்றால் இன்னொரு 12.5% கூடி 25%. அப்பனுக்கு மகளைச் சேர்த்தாலும் 25%தான். பெரியப்பன் சித்தப்பன் பிள்ளைகள் என்றால் 6.25%. பொது முன்னோரே உறவுக்குள் பிறந்தது என்றால் இன்னும் கூடும். 6.25%க்கு மேல் போக வலுவான காரணம் வேண்டும் என்பது என் அளவுகோல், 12.5%ஐ நான் தொடுவதில்லை.

நம் ஊர்களில் ஆபத்து வேறு வழியில் வருகிறது. பேர் பெற்ற ஓர் ஆண் இருந்தால் சுற்றுவட்டாரத்துப் பொட்டையெல்லாம் அதனிடம்தான் வரும். குட்டிகள் சம்பந்தி வீடு, மாமன் வீடு என்று பரவும். ஐந்து வருடம் கழித்து இரண்டு தாலுகா தள்ளி "வேற லைன்" என்று தேடிக் கண்டுபிடிக்கும் பொட்டைக்கும் அதே ஆண்தான் தாத்தா. இது உலகம் முழுக்க நடந்த கதை. 1965இல் பார்டர் கோலி ஆட்டு நாய்ப் போட்டியின் உச்சப் பட்டத்தை வென்ற விஸ்டன் கேப், அவ்வளவு பொட்டைகளுக்கு விடப்பட்டதால் இன்றைய பார்டர் கோலி வம்சங்களில் அது இல்லாததைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதன் நல்ல குணமும் பரவியது, சுமந்திருந்த எல்லாமும் பரவியது.

ஆண் வைத்திருப்பவருக்கு ஒரு வேண்டுகோள்: முதல் இரண்டு ஈத்துக் குட்டிகள் ஒன்றரை வயதைத் தொடும் வரை மூன்றாவது பொட்டைக்கு விடாதீர்கள். காசு வரும்போது கஷ்டம்தான்.

9. ஜோடியை முடிவு செய்தல்

நோட்டில் இரண்டு பக்கத்தையும் அருகருகே வையுங்கள். உங்கள் வேலைக்கு மிக முக்கியமான மூன்று குணங்களை மட்டும் எடுங்கள். பத்தைத் துரத்தினால் ஒன்றும் நகராது. மூன்றுக்கும் எடை கொடுங்கள், எடுத்துக்காட்டாகக் காவல் 5, மனத்திடம் 3, ஓட்டம் 2. பெருக்கிக் கூட்டி ஜோடிகளை ஒப்பிடுங்கள். எண் கடைசி வார்த்தை அல்ல, ஆனால் கண் மயங்கும்போது பிடித்து நிறுத்தும்.

ஒரே குறை இரு பக்கமும் இருந்தால் அந்த ஜோடி வேண்டாம். அதீதத்தை எதிர் அதீதத்தால் சரிசெய்யவும் முயலாதீர்கள். மிகப் பயந்த நாயையும் கண்மண் தெரியாமல் பாயும் நாயையும் சேர்த்தால் எல்லாம் நடுத்தரக் குட்டிகளாக வரும் என்று நம்ப முடியாது. பயந்தது சில, பாய்வது சில, பயத்தில் கடிப்பது ஒன்றிரண்டு என்றும் வரலாம். குறையுள்ள நாய்க்கு அந்தக் குணத்தில் சரியான, நிலையான நாயைத் தேடுங்கள்.

சட்டத்தையும் பாருங்கள். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி விற்பனைக்கு வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பொட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஓர் ஈத்து, வாழ்நாளில் 5 ஈத்து, 8 வயதுக்கு மேல் கூடாது. 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. வேலை நாய்க்கு 18 மாதத்தையும் தாண்டி இரண்டு வயது வரை பொறுப்பது நல்லது. மனத்திடம் அதற்குப் பிறகுதான் ஒரு நிலைக்கு வருகிறது.

10. குட்டி போன பிறகு

குட்டியைக் கொடுக்கும்போதே வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்: "ஆறு மாசம், ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு போன் பண்ணுவேன், நாயோட வீடியோ அனுப்பணும்." பெரும்பாலோர் சந்தோஷமாகச் செய்வார்கள். செத்துப்போனால், கடித்துவிட்டால், விற்றுவிட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், சொன்னவரைக் கோபிக்காதீர்கள். ஒரு தடவை கோபித்தால் அடுத்த தகவல் வராது.

அதே ஜோடியை மறுபடி சேர்க்கலாமா என்பதை முதல் ஈத்து ஒன்றரை வயது தாண்டிய பிறகே முடிவு செய்யுங்கள். ஏழு குட்டியில் ஐந்து வேலையில் தேறி, குறை எதுவும் வெளிவராவிட்டால் சேர்க்கலாம். இரண்டு மட்டும் தேறி மீதி சாதாரணம் என்றால், தேறியவற்றைத் தேர்ந்து அவற்றுக்கு வேறு ஜோடி தேடுவது மேல். செவிடு, வலிப்பு, காரணமில்லாத கடி என்று எது வந்தாலும் ஜோடியை நிறுத்திவிட்டு, இதற்கு முன் அந்த ஆணுக்குப் பொட்டை கொண்டுவந்தவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டிலும் அதே வயதில் குட்டிகள் இருக்கும், அடுத்த பருவத்துக்கு ஜோடி பேசிக்கொண்டிருப்பார்கள்.